பிள்ளைகள் ஏட்டில் பெண்ணுக்கு இடம் எங்கே?

(மயிலாப்பூர்ப் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

விழாவுக்கு அழைத்த நண்பர்கள், "அரசியல் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். அரசியல்தான் பேசப் போகிறேன். ஆனால் சட்டமன்றத்தைப் பற்றியும் அல்ல, தேர்தலைப் பற்றியும் அல்ல. நாலு வயதுக் குழந்தை, எழுத்துக் கூட்டத் தெரியாத பருவத்தில், மடியிலே விரித்து வைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்த்துப் பார்த்து மகிழ்கிறதே, அந்தப் படப் புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன்.

"இதுவா அரசியல்?" என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுக்கக்கூடும். யார் ஆள்வது, யார் பணிவது. யார் வெளியே போவது, யார் உள்ளே இருப்பது. யார் கட்டளையிடுவது, யார் காத்து நிற்பது—இவற்றை வகுப்பதன் பெயர்தானே அரசியல்? அந்த வகுப்பு, வாக்குச் சாவடியிலே தொடங்குவதில்லை, தோழர்களே! அது வீட்டுக் கூடத்திலே தொடங்குகிறது. குழந்தையின் மடியில் கிடக்கும் ஏட்டிலே தொடங்குகிறது.

பெண்ணுரிமைக்காக இந்த மண்ணிலே நடந்த போராட்டத்தின் வரலாறு நீங்கள் அறியாததன்று. 1921-ல், நீதிக் கட்சி ஆட்சிக் காலத்தில், ஆண்களுக்கு விதித்த அதே தகுதிகளின்படி சென்னை மாகாணத்துப் பெண்களும் வாக்குரிமை பெற்றார்கள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 1967-ல் அண்ணாவின் ஆட்சி, சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத் தகுதி தந்தது. 1989-ல் கலைஞரின் ஆட்சி, மகளுக்கும் குடும்பச் சொத்தில் மகனோடு சம பங்கு தந்தது. செங்கற்பட்டுத் தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 2005-ல் இந்தியா முழுவதற்கும் அது சட்டமாயிற்று.

சட்டம் வந்தது, சரி. சமையலறை மாறிற்றா?

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது, கேளுங்கள். ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண், அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் 289 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். அதாவது அவள் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அவன் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணியும் வேலையைத் தொடும் ஆண்களின் கணக்குத்தான். தொடாதவர்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை!

சொத்தில் சரிபாதி வாங்கித் தந்த சட்டத்தால், சோற்றுப் பானையைச் சரிபாதி சுமக்க வைக்க முடியவில்லையே, ஏன்? சட்டம் இருபத்தொரு வயதில் வந்து சேர்கிறது. பழக்கமோ மூன்று வயதிலேயே முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. இதுதான் காரணம்.

இந்தப் படிப்பகத்திலிருந்து நாலெட்டு நடந்தால் மாட வீதி. கொலுக் காலத்தில் அங்கே பொம்மைக் கடைகள் வரிசை வரிசையாய் நிற்கும். சின்னஞ்சிறு அடுப்பு, அம்மி, உரல், குடம்—சொப்புச் சாமான் என்று சொல்வோம். அவற்றை யாருக்கு வாங்குகிறோம்? பெண் குழந்தைக்கு. அங்கிருந்து தியாகராய நகருக்குப் போங்கள். தியாகராயர் பெயரைத் தாங்கிய நகர். அங்கே பனகல் அரசர் பெயரில் பூங்கா. டாக்டர் நடேசனார் பெயரில் பூங்கா. பாண்டி பஜார் என்று வாய் வழக்கில் நாம் சுருக்கிவிட்ட அங்காடி, செங்கற்பட்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனாரின் பெயரைத் தாங்கியது. பெண்ணுக்குச் சம உரிமை என்று தீர்மானம் போட்ட மாநாட்டின் தலைவர் பெயரால் வழங்கும் அந்தத் தெருவிலேயே, நம் தோழர்கள் சிலர், மகனுக்கு மோட்டார் வண்டியும் மகளுக்குச் சமையல் பெட்டியும் வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார்கள். வாங்கியவரைக் குறை கூறவில்லை. எது எவருக்கு என்பதை அவருக்குச் சொல்லித் தந்தவர் யார் என்று கேட்கிறேன்.

ஏடு சொல்லித் தந்தது! "அப்பா செய்தித்தாள் படிக்கிறார், அம்மா சமைக்கிறாள். தம்பி பந்து விளையாடுகிறான். தங்கை கோலம் போடுகிறாள்." தலைமுறை தலைமுறையாக இதுதான் படம். அப்பா 'ஆர்' விகுதி பெறுகிறார். அம்மாவுக்கு 'ஆள்' விகுதி போதும். இலக்கணத்திலேயே இருக்கை வேறுபாடு!

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் லெனோர் வைட்ஸ்மனும் அவருடைய கூட்டாளிகளும், அந்நாட்டின் உயர்ந்த பரிசான கால்டிகாட் பரிசுக்குரியவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட படப் புத்தகங்களை எடுத்து, பொறுமையாக உட்கார்ந்து படங்களை எண்ணினார்கள். 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்களின் படம் 261. பெண்களின் படம் 23. உலகில் பாதிப் பேர் பெண்கள். ஏட்டிலே பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை!

நம் நாட்டிலே அந்தப் படம் இரட்டைப் பொய் சொல்கிறது, தோழர்களே! பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டியவள் என்பது முதல் பொய். பெண் வீட்டுக்குள்தான் இருக்கிறாள் என்பது இரண்டாம் பொய். நொச்சிக்குப்பத்திலே கரைக்கு வந்த மீனை ஏலம் கேட்பவர் யார்? வெயிலிலே உட்கார்ந்து விலை பேசி, கணக்குப் பார்த்து, கடனை அடைப்பவர் யார்? கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் பூக்கட்டி விற்பவர் யார்? அடையாற்றின் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டுத் தன் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பவர் யார்? அரங்கநாதன் தெருவின் துணிக்கடைகளிலே நாள் முழுதும் நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுபவர் யார்? அந்தப் பெண்கள் நாற்காலியிலே உட்காரும் உரிமைக்கே 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தம் செய்ய வேண்டியிருந்ததே!

உழைக்கும் பெண்ணின் பிள்ளை, விடியற்காலையில் கூடையோடு புறப்படும் தாயைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறது. ஏட்டைத் திறந்தால், இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் புன்னகையோடு நிற்கும் ஒரு 'அம்மா' இருக்கிறாள். அந்தப் பிள்ளை என்ன எண்ணும்? 'உண்மையான அம்மா இவள்தான் போலும். என் அம்மா ஏதோ குறைபட்டவள்' என்றல்லவா எண்ணும்? வசதி படைத்த ஒரு சிறு கூட்டத்தின் வீட்டைப் படம் பிடித்து, அதுவே உலகம் என்று உழைப்பவர் பிள்ளைக்குக் காட்டுவதைவிடப் பெரிய அரசியல் வேறு என்ன இருக்கிறது?

இந்தப் படத்தை மாற்றி வரைய முயன்றவர்கள் உண்டா? உண்டு. நம் கண்ணெதிரே, இதே சென்னையில், அந்த வேலை நடந்திருக்கிறது.

1994-ல் கீதா உல்ஃப் தொடங்கிய தாரா பதிப்பகம் திருவான்மியூரில் வேரூன்றியது. கையால் அச்சிட்ட அதன் புத்தகங்கள் உலகெங்கும் போயின. பெரியாரைப் பற்றியும் சுயமரியாதை இயக்கத்தைப் பற்றியும் ஆழ்ந்த ஆராய்ச்சி நூல்கள் எழுதிய வ. கீதா அதன் பதிப்புப் பணியில் நெடுங்காலம் பங்கு கொண்டவர். அங்கே வெளியான நூல்களில் ஒன்று துலாரி தேவியின் கதை. பீகாரிலே மீனவர் குலத்தில் பிறந்து, பிறர் வீட்டில் வேலைக்காரியாக இருந்து, அங்கே பார்த்த மிதிலை ஓவியத்தைத் தானும் கற்று, ஓவியராக உயர்ந்தவர் துலாரி. தம் கதையைத் தாமே சொல்லி, தாமே வரைந்திருக்கிறார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விளக்குமாறு பிடித்த கை தூரிகை பிடித்த கதை அது. அதைக் காட்டிலும் நம் குப்பத்துப் பிள்ளைக்கு வேண்டிய இளவரசி கதை எது?

அதே பதிப்பகம், கோண்டு ஓவியர் துர்காபாயின் படங்களோடு 'சுல்தானாவின் கனவு' கதையையும் வெளியிட்டது. வங்கத்து ரொக்கையா சகாவத் உசேன் எழுதிய கதை. அதிலே ஒரு நாடு, பெண்கள் ஆள்கிறார்கள், ஆண்கள் அந்தப்புரத்திலே அடைந்து கிடக்கிறார்கள், அடுப்பு எரிவதோ சூரிய வெப்பத்தில்! இந்தக் கதை முதன்முதலில் அச்சேறியது எங்கே தெரியுமா? கல்கத்தாவில் அன்று, நம் சென்னையில்! கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய பெண்கள் இதழொன்றில், 1905-ல். தலைகீழ் உலகம் ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கும் துணிவுக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்நகரம் அச்சுக்கூடம் தந்திருக்கிறது என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம்.

1996-ல் தோன்றிய தூலிகா பதிப்பகம், ஆங்கிலத்தோடு நிற்காமல் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் குழந்தை நூல்களைக் கொண்டுவந்தது. பெண் விடுதலைப் போராளி கமலா பாசின் எழுதிய மாலு என்னும் கரடிக் குட்டியின் கதை அங்கே வெளியானது. பனி மூடிய தேசத்துப் பெண் குட்டி, ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை, துணிச்சல், தாயின் துணையோடு நீந்தக் கற்கிறது. பெண் சமம் என்ற சொல்லே அதில் வரத் தேவையில்லை. துணிந்தவள் பெண்ணாக இருக்கிறாள், அவ்வளவுதான். குழந்தைக்கு அது போதும்.

பன்னிரண்டு வயதுச் சிறுமி மயில், வாய் மூடாமல் கேள்வி கேட்டு நாட்குறிப்பு எழுதுகிறாள். சௌம்யா ராஜேந்திரனும் நிவேதிதா சுப்பிரமணியமும் ஆங்கிலத்தில் எழுதிய அந்த நூலுக்கு 2015-ல் சாகித்திய அகாதெமியின் குழந்தை இலக்கியப் பரிசு கிடைத்தது. கனக் சசி எழுதிய குட்லியின் கதையிலோ, ஆண் என்று பிறர் சொல்லும் ஒரு குழந்தை, தான் பெண் என்று உணர்ந்து, அக்காளைப் போல் கவுன் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறது. 2008-லேயே திருநங்கையர்க்கு நல வாரியம் கண்ட தமிழ்நாடு, அந்தக் குழந்தையின் ஏக்கத்தைக் கண்டு முகம் சுளிக்கலாகாது.

இனி, எதிர்ப்புரைகளைப் பார்ப்போம்.

"குழந்தைக் கதையில் பிரசாரம் கூடாது" என்பார்கள். நல்லது. அம்மா சமைக்கிறாள், அப்பா படிக்கிறார் என்பது பிரசாரம் இல்லையா? நூறு ஆண்டுகளாக ஓய்வில்லாமல் நடக்கும் பிரசாரம் அல்லவா அது? பழகிப் போன பிரசாரத்துக்கு 'இயற்கை' என்று பெயர்; புதிய உண்மைக்குப் 'பிரசாரம்' என்று பெயர்! ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உபதேசத்தைக் கதைபோல் உடுத்தி அனுப்பும் புத்தகங்களும் வருகின்றன. குழந்தை அதை முதல் பக்கத்திலேயே மோப்பம் பிடித்து மூலையில் எறிந்துவிடும். நல்ல கதையாக இருப்பது முதல் கடமை. மாலு வெல்வது வாதத்தால் அன்று, நீச்சலால்!

"பெண் பிள்ளைகள் அடங்கமாட்டார்கள்" என்பார்கள். பெண்கள் முடியை வெட்டிக்கொண்டு, ஆண்களைப் போல் சட்டை அணியலாம் என்று பெரியார் சொன்னபோது எழுந்த அதே கூக்குரல் இது. 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலைத் தந்த தலைவரைப் போற்றும் நாம், அடங்காத பெண்ணைக் கண்டு அஞ்சலாமா?

"ஆண் பிள்ளையின் ஆண்மை என்னாவது?" என்பது மூன்றாவது. இதைத்தான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். பழைய ஏடு ஆண் குழந்தைக்கும் கொடுமை செய்கிறது. அழாதே என்கிறது; அஞ்சாதே என்கிறது; அடுப்பைத் தொடாதே என்கிறது. அழத் தெரியாத பிள்ளை அடிக்கத் தெரிந்த கணவனாக வளர்கிறான். பெண்ணை வீராங்கனையாக வரைந்தால் மட்டும் போதாது. சோறு வடிக்கும் அப்பாவையும், தங்கைக்குத் தலை பின்னும் அண்ணனையும் வரைய வேண்டும். கேரள அரசு 2024-ல் வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார். படம் சிறிது, ஆனால் பல்லாயிரம் வீடுகளில் பிள்ளைகள் அதைக் காட்டி, "நம் வீட்டில் அப்பா ஏன் துருவுவதில்லை?" என்று கேட்க முடியும். ஒரு தேங்காய்த் துருவி செய்யும் வேலையை ஓராயிரம் மேடைகளால் செய்ய முடியாது!

இப்போது, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. இதே நகரத்தில் பிறந்தன. ஆனால் யார் கையில் இருக்கின்றன?

அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் ஆங்கிலம் அறிந்த இல்லங்களின் அலமாரிகளில் இருக்கின்றன. அதே கடற்கரையில், அதே உப்புக் காற்றில், ஊரூர்க் குப்பத்திலும் நொச்சிக்குப்பத்திலும் வளரும் குழந்தையின் கையில் இல்லை. தென்சென்னையிலே அச்சான புத்தகம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறது. அரைக் கல் தொலைவில் உள்ள தெருவுக்குப் போய்ச் சேரவில்லை. பதிப்பாளரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை மட்டுமன்று, நம் வேலை!

ஏனென்றால் கொண்டுபோய்ச் சேர்க்கும் கலை நமக்குத் தெரியும். படிப்பகம் என்பது நம் இயக்கம் ஊரூராய் வளர்த்த கருவி அல்லவா? எழுத்தறியாத தோழர்கள் சுற்றி அமர, ஒருவர் உரக்கப் படிக்க, முடி திருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடுகள் வாழ்ந்தன. அப்படித்தான் ஒரு தலைமுறை அரசியல் கற்றது. ஆனால் அந்தப் பெஞ்சுகளிலே உட்கார்ந்தவர்கள் யார்? ஆண்கள். தெருவில் கால் வைக்க மகனுக்குத் தடையில்லை. மகள் வாசற்படியில் நின்றாள். அந்தக் குறையைத் தீர்க்கும் காலம் இது.

வழிகள் இல்லாமலும் இல்லை. பள்ளிக்கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு நூல்களைத் தமிழில் அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. தேனாம்பேட்டையில் உள்ள பாரதி புத்தகாலயம், இடதுசாரித் தோழர்களின் உழைப்பால், எளிய விலையில் குழந்தை நூல்களை வெளியிட்டு வந்திருக்கிறது. 2010-ல் கோட்டூர்புரத்தில் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. புத்தகமும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. இணைக்கும் கை வேண்டும்.

அந்தக் கை உங்கள் கையாக இருக்கட்டும். இவ்வுரையைக் கேட்பவரும், நாளை ஏட்டிலே படிப்பவரும், மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டுகிறேன்.

முதலாவது, ஒவ்வொரு படிப்பகத்திலும், தலைவர்களின் படத்துக்குக் கீழே, குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் அலமாரி வையுங்கள். மாலைக்கு இரண்டு மணி நேரம் அந்த இடம் பிள்ளைகளுடையது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளுடையது என்று அறிவியுங்கள். அந்நேரத்தில் அரட்டைக்கும் புகைக்கும் அங்கே இடமில்லை.

இரண்டாவது, அந்தப் பிள்ளைகளுக்குக் கதை படித்துச் சொல்வது ஆண் தோழர்களின் பொறுப்பாக இருக்கட்டும். "குழந்தைகள் காரியம், மகளிர் அணி பார்த்துக்கொள்ளும்" என்று ஒதுக்கினால், எந்தப் படத்தை மாற்ற வந்தோமோ அந்தப் படத்தை நாமே மறுபடி வரைந்தவர்களாவோம். மேடையிலே முழங்கும் குரல், மடியிலே ஒரு குழந்தையை வைத்துக் கரடிக் கதை சொல்லட்டும். குரல் ஒன்றும் குன்றிவிடாது.

மூன்றாவது, எழுதத் தெரிந்த தோழர்களுக்கு. மொழிபெயர்ப்பு வரட்டும், வரவேற்போம். ஆனால் எத்தனை நாள் துருவத்துக் கரடியையே நம்பியிருப்பது? மீன் ஏலம் கேட்கும் தாயின் மகள், பூக்கட்டும் பாட்டியின் பேத்தி, துணிக்கடையில் நிற்கும் அக்காளின் தம்பி—இவர்கள் கதைத் தலைவர்களாக வரும் தமிழ்ப் புத்தகங்கள் வேண்டும். சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரான முத்துலட்சுமி ரெட்டி, ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்காக அடையாற்றில் அவ்வை இல்லம் கண்டார். அந்தக் கதையையாவது பத்து வயதுப் பிள்ளை படிக்கும் தமிழில், வண்ணப் படங்களோடு, ஒருவர் எழுதக் கூடாதா?

தோழர்களே! சொத்துரிமைச் சட்டம் சட்டமன்றத்தில் ஒருமுறை நிறைவேறினால் போதும். சமத்துவம் அப்படியல்ல, பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் மடியிலும் அது புதிதாக நிறைவேற வேண்டும். அந்த வாக்கெடுப்பு நாள்தோறும் நடக்கிறது. நாம் போகாவிட்டால் பழமை போய் வாக்களித்துவிடும்.

அடுத்த ஆண்டு விழாவுக்கும் என்னை அழைப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்போது எனக்கு மாலை வேண்டாம், வரவேற்புரையும் வேண்டாம். இந்தப் படிப்பகத்தின் பெஞ்சில் எத்தனைச் சிறுமிகள் உட்கார்ந்து படித்தார்கள், அவர்களுக்கு எந்தத் தோழர் கதை சொன்னார் என்ற கணக்கை மட்டும் படித்துக் காட்டுங்கள். அதைக் கேட்பதற்காகவே வருகிறேன்.